நோவும் வீக்கமும்

சபரகமுவத் தேயிலை மலைகளிலே கொழுந்து பறிப்போரைக் குளவி கொட்டினால், கொட்டிய புள்ளியைச் சுற்றிச் சிவப்புப் படரும். நஞ்சு பரவுகிறதென்பர் லயத்தார். ஆயின் நரம்பும் அதிற் பங்காளியே. கிளர்ந்த நோவுணர் நரம்பு மூளைக்குச் செய்தி விடுப்பதோடமையாது, தன் அயற்கிளைகள் வழியே தோலுக்கும் விடுக்கிறது; அக்கிளைகளின் நுனிகள் உமிழும் பெப்ரைட்டுகள் குருதிக்கலன்களை விரிக்கின்றன. தோலின் இத்தகைய எதிர்வினைகளை ஆராய்ந்து தோமஸ் லூயிஸ் 1927இல் நூலொன்றே எழுதினார். நரம்பு சிதைந்த தோலில் அச்சிவப்புப் படர்வதில்லை.

என் தாயாரும் இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். ஒருமுறை விரலிற்பட்ட கீறல் சீழ்பிடிக்கத் தொடங்கவே, நோவு தாளாது மலையிலிருந்து இறங்கினார். “பெரிய வீக்கமில்லையே” என்று கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார். தோட்டத்திலே எதற்கும் ஒரு நிறுவை வேண்டுமல்லவா? நோவுக்கு வீக்கமே நிறுவை.

2013இல் ஹார்வார்ட் ஆய்வாளர் சிலர், சீழுண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் பற்றீரியாவை எலிகளின் பாதத்திற் செலுத்திப் பார்த்தனர். நிர்ப்பீடனக் கலங்களின் துணையின்றியே நரம்பு பற்றீரியாவை நேராக உணர்ந்தது; அன்றியும் அக்கலங்கள் திரள்வதையும் அடக்கிற்று. நோவு பற்றீரியாவின் தொகையைத் தொடர்ந்ததேயன்றி வீக்கத்தைத் தொடரவில்லை. நோவுணர் நரம்பு அகற்றப்பட்ட எலிகளிலேதான் நிணநீர்க்கணு மிகுதியாக வீங்கிற்று.