எந்த நான்கு சதவீதம்?

காந்தப் புலக்கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும் காந்த மறுஇணைப்பு பற்றிய ஆராய்ச்சி என்றதும் பலர் சமன்பாடுகளைத்தான் நினைக்கிறார்கள். எம்.எம்.எஸ். விண்கலங்களின் தரவோடு மல்லுக்கட்டுகிற எங்களுக்கு அதில் பெரும்பங்கு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற வேலை.

நாசா 2015 மார்ச்சில் ஏவிய நான்கு கலங்கள் இவை. நான்முகி வடிவில் பறக்கின்றன. இடைவெளி சில சமயம் 7 கிலோமீட்டர்தான் இருக்கும். எலெக்ட்ரான்களை 30 மில்லிநொடிக்கு ஒருமுறை அளக்கின்றன. அந்த நுணுக்கத்தில் சேர்வதையெல்லாம் பூமிக்கு அனுப்ப வழியில்லை. ஏறக்குறைய 4 சதவீதம்தான் வந்து சேரும்; மீதியின் மேல் புதுத் தரவு எழுதப்பட்டு அழிந்துபோகும். எந்த 4 சதவீதம் என்று சொல்வதற்கு ஒரு விஞ்ஞானி முறைவைத்து உட்கார வேண்டும்.

என் முறை வரும்போது கையில் இருப்பது மேலோட்டமான தரவு மட்டும். முதலில் காந்தப் புலத்தின் வடக்கு-தெற்குக் கூறைப் பார்ப்பேன். பூமியின் பக்கம் வடக்கு நோக்கி இருந்த புலம், அதன் காந்த மண்டல எல்லையைத் தாண்டியதும் தெற்காகப் புரள்கிறதா? அதே இடத்தில் அயனிகள் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பீறிடுகின்றனவா? இரண்டும் இருந்தால் மறுஇணைப்பு பக்கத்தில் எங்கோ நடக்கிறது. அந்த ‘எங்கோ’தான் தலைவலி. எதை வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் நாங்கள் போடும் மதிப்பெண்தான் தீர்மானிக்கும். பலமான அயனித் தாரையைப் பார்த்ததும் கை தானாக அதிக மதிப்பெண் போடப் போகும். ஆனால் தாரை பலமாக இருந்தால், புலக்கோடுகள் அறுந்து ஒட்டுகிற இடத்தை விட்டு நாம் விலகி நிற்கிறோம் என்று அர்த்தம். வடக்கே பாய்ந்த தாரை சட்டென்று தெற்கே திரும்பும் இடம் ஒன்று உண்டு. நடுவே வேகம் அடங்கிவிடும். பார்க்கச் சப்பென்றிருக்கும் அந்தத் துண்டுக்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

அங்கே எலெக்ட்ரான் அடுக்கின் தடிமன் சில கிலோமீட்டர். எல்லையோ நொடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் அசைகிறது. ஆக, கலம் அதைக் கடப்பதற்குள் கிடைப்பது ஒருசில அளவீடுகள். அவற்றை வேகப் படமாக வரைந்தால் எலெக்ட்ரான்கள் பிறை வடிவில் குவிந்திருப்பது தெரியும். கணினிப் பாவனைகள் முன்கூட்டியே சொன்ன பிறை அது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் ஒரு பழைய கணக்கு. மறுஇணைப்பின் வேகம் பற்றி 1950-களில் இயற்பியலாளர்கள் ஸ்வீட்டும் பார்க்கரும் போட்ட கணக்குப்படி, சூரியத் தீப்பிழம்பு ஒன்றின் ஆற்றல் வெளிப்பட மாதக்கணக்காகும். நிஜத்தில் நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அடுக்கு மெலிந்து, அயனிகளும் எலெக்ட்ரான்களும் தனித்தனி வழியில் போகத் தொடங்கினால் வேகம் கூடும். அப்படிப் பிரிவதால் உண்டாகும் நாற்புறக் காந்தக் கோலத்தை பிரின்ஸ்டனின் எம்.ஆர்.எக்ஸ். ஆய்வுக்கலனில் அளந்தும் காட்டினார்கள். அவர்கள் பிளாஸ்மாவுக்குள்ளேயே உணர்கருவியை நுழைக்கலாம். சரிவராவிட்டால் சோதனையை மறுபடி நடத்தலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எல்லைக் கடப்புகளை அடையாளம் காண இப்போது இயந்திரத்தையும் பழக்கியிருக்கிறார்கள். அலுப்பில்லாமல் செய்கிறது. ஆனால் அது படித்தது எங்களைப் போன்றவர்களின் தேர்வுகளைத்தான். எங்கள் சாய்வுகளும் சேர்ந்தே போயிருக்கும். அதனால் மனிதக் கண்ணை இப்போதைக்கு எடுத்துவிடக் கூடாது என்பேன்.

இந்தத் தரவு எல்லோருக்கும் இலவசம். இயற்பியல் படிக்கும் மாணவர்கள் 2015 அக்டோபர் 16, உலக நேரம் 13:07 மணித் தரவை இறக்கிப் பாருங்கள். பிறை அங்கே இருக்கிறது.