அடுத்த வண்டி வரும்

எங்கள் வீட்டில் தினமும் காலையில் கேட்கும் சுப்ரபாதம் இதுதான்: "சீக்கிரம்டா, வண்டி போயிடும்!"

அடுப்பில் குழம்பு, கையில் டிபன் டப்பா, வாயில் இந்த மந்திரம். பையனும் இட்லியை மென்றும் மெல்லாமலும் திருத்தணி ஸ்டேஷனுக்கு ஓடுவான். சென்னையில் காலேஜ். போக மட்டும் 80 கிலோமீட்டருக்கு மேல்.

ஒருநாள் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டான். நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். பிளாட்பாரத்தில் நான் கால் வைக்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. வாசலில் நாலைந்து பையன்கள். அதில் என் பிள்ளை! ஒரு கையால் கம்பி, ஒரு காலால் படி, முதுகில் பை. உள்ளே பார்த்தால் உட்கார இடம் காலியாக இருக்கிறது. கூட்டத்தால் தொங்கவில்லை, பழக்கத்தால் தொங்குகிறான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

சாயங்காலம் வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவன் அமைதியாகச் சொன்னான்: "நீதானேம்மா கத்துக்கொடுத்தே?"

வாயடைத்துப் போனேன். அவனுக்கு ஐந்து வயசிருக்கும்போது ஓர் ஆடிக் கிருத்திகை. ஊரே காவடியும் கூட்டமுமாக இருந்தது. அரக்கோணத்தில் வண்டி கிளம்பிவிட்டது. பையை உள்ளே எறிந்தேன், இவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தாவி ஏறினேன். கொசுவம் காலில் மாட்டியது. உள்ளே இருந்த பூக்காரம்மா கையைப் பிடித்து இழுத்திராவிட்டால்... தெலுங்கில் அவள் திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை. "பாத்தியா, அம்மா வண்டியைப் பிடிச்சுட்டேன்!" என்று குழந்தையிடம் பெருமை பேசினேன். அதை அவன் மறக்கவில்லை.

2018 ஜூலை 24 ஞாபகமிருக்கிறதா? சென்னைக் கடற்கரையிலிருந்து திருமால்பூர் போன ரயிலை, மின்கம்பி அறுந்ததால், விரைவு வண்டிகளின் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு சுவர். தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள்! "தினமும்தானே போறேன், ஒண்ணும் ஆகலையே" என்கிறார்களே, அந்த ஒருநாள் பாதை மாறும் என்று யாருக்குத் தெரியும்?

முதுகுப் பை வெளியே துருத்திக்கொண்டிருப்பது தொங்குகிறவனுக்குத் தெரியாது. தண்டவாளத்தின் ஓரத்தில் மின்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. வியர்த்த கை கம்பியில் வழுக்கும். பஸ்ஸிலோ ஒரு திடீர் பிரேக் போதும், பின்சக்கரம் பக்கத்திலேயே இருக்கிறது. ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் ரயில் படியில் பயணம் செய்தால் 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து திருந்துகிற வயசா அது?

அதனால் நான்தான் முதலில் திருந்தினேன். இப்போது அரைமணி முன்னாலேயே அடுப்பு மூட்டுகிறேன். டப்பாவை ராத்திரியே கழுவி எடுத்து வைத்துவிடுகிறேன். "வண்டி போயிடும்" என்ற பேச்சையே விட்டுவிட்டேன். "போனா போகட்டும், உள்ளே போய் நில்லு, பையை முன்னால மாட்டிக்கோ" என்கிறேன்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. நகரும் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். குழந்தையை முன்பின் தெரியாதவரிடம் உள்ளே கொடுத்துவிட்டு அப்புறம் ஏறலாம் என்றும் நினைக்காதீர்கள். வண்டி கிளம்பிவிட்டால் குழந்தை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். முக்கியமாக, குழந்தையின் கண் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் அவன் லேட்டாக வந்தான். "கூட்டமா இருந்ததும்மா, ஒரு வண்டியை விட்டுட்டேன்" என்றான். குழம்பு ஆறிப் போயிருந்தது. சூடு பண்ணிப் போட்டேன். எங்கள் முருகனைப் பார்க்க 365 படி. ஒவ்வொன்றாகத்தானே ஏறுகிறோம்? அவன் எங்கேயும் போய்விடுவதில்லையே!