நொயன்கமவின் இரண்டு மதில்கள்

ஹம்பேர்க் நகரத்தில் இருந்து எஸ்-பானில் பேர்கடோர்ப் வரை போய், அங்கே பஸ் மாறினால் நொயன்கம வரும். வழி நெடுகத் தோட்டங்களும் பூச்செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களும்தான். இந்த அமைதியான ஊரில்தான் நாஸிகளின் பெரிய வதைமுகாம்களில் ஒன்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் ஹிட்லர் காலத்தைப் படிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் கேட்கிற கேள்விகளுக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்களாகச் சோறு கட்டிக்கொண்டு போனோம். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

முகாம் என்ற சொல் எங்கள் வாயில் எவ்வளவோ புழங்கிவிட்டது. இராணுவ முகாம், அகதி முகாம், இங்கே வந்திறங்கியதும் எங்களை வைத்திருந்த முகாம். சின்னவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துவிடக்கூடாது என்று பஸ்ஸில் வைத்தே பிரித்துச் சொன்னோம்.

1938 டிசம்பரில் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் இருந்து 100 கைதிகளை இங்கே கொண்டுவந்து, மூடிக்கிடந்த செங்கல் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு விட்டார்கள். 1940 இல் இது தனி முகாமாகியது. எல்பே ஆற்றங்கரையில் எழுப்பத் திட்டமிட்ட பெரிய கட்டிடங்களுக்குச் செங்கல் தேவைப்பட்டது. ஹம்பேர்க் நகரமே எஸ்.எஸ். படையின் கம்பனிக்கு பத்து இலட்சம் மார்க் கடன் கொடுத்தது. கைதிகள் களிமண் வெட்டினார்கள், வண்டி தள்ளினார்கள், வள்ளம் வரக் கால்வாய் வெட்டினார்கள். அந்தத் தொழிற்சாலைக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. ஷிப்ட் வேலை செய்து முதுகு நோகிற எங்களுக்கு அதைப் பார்த்தபின் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 1945 வரை இங்கேயும் இதன் 80 க்கு மேற்பட்ட கிளை முகாம்களிலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 42,900 பேர் இறந்தார்கள்.

ஆனால் எங்களை அதிகம் உலுக்கியது யுத்தத்துக்குப் பின்னர் நடந்த கதை. 1948 இல் ஹம்பேர்க் நகரம் இதே நிலத்தில் ஒரு சிறைச்சாலையைத் திறந்தது. கைதிகளின் மரக்குடில்களை இடித்துவிட்டு அந்த இடத்திலேயே புதிய சிறைக் கட்டிடம் கட்டினார்கள். மனிதத்தன்மையான ஒரு முன்மாதிரிச் சிறையை நடத்தினால் நகரத்தின் கெட்டுப்போன பெயர் சரியாகும் என்பது அதிகாரிகளின் நியாயம். பிறகு 1970 அளவில் இன்னொரு சிறையும் வந்தது. உயிர் தப்பியவர்கள் பிரான்சில் இருந்தும் வேறு நாடுகளில் இருந்தும் அஞ்சலி செலுத்த வந்தபோது, தாங்கள் மணிக்கணக்கில் நின்ற கணக்கெடுப்பு மைதானம் சிறை மதிலுக்கு உள்ளே இருந்தது. அவர்கள் விடாமல் வற்புறுத்தினார்கள். முதல் சிறை 2003 இலும் மற்றது 2006 இலும் மூடப்பட்டன. சிறை மதிலின் ஒரு துண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். நல்ல வேலை, அதையும் இடித்திருந்தால் இந்த இரண்டாவது கதை யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

மதிலடியில் நின்றபோது ஒரு பிள்ளை கேட்டது: "இப்ப சிறையில இருக்கிற ஆக்களுக்கும் இதையெல்லாம் படிப்பிப்பினமா?"

படிப்பிக்கிறார்கள். பேர்லினில் உள்ள ஆன் பிராங்க் நிலையம் தன் கண்காட்சியை ஜேர்மன் சிறைகளுக்குள் கொண்டுபோகிறது. கைதிகளில் சிலருக்கு முதலில் பயிற்சி கொடுக்கிறார்கள். பிறகு அவர்களே படங்களுக்கு முன்னால் நின்று மற்றக் கைதிகளுக்கு விளங்கப்படுத்துகிறார்கள். போலந்தில் அவுஷ்விட்ஸ் நினைவகமும் கைதிகளுக்கென்று வகுப்புகள் நடத்தியிருக்கிறது.

எங்களோடு வந்த ஒரு அண்ணை, "களவெடுத்துப்போட்டு உள்ளுக்கு இருக்கிறவனுக்கு ஏன் இந்தப் படிப்பு?" என்றார். சாப்பிடும் நேரம் முழுக்க இதே வாக்குவாதம்தான். அவர் சொல்வதிலும் ஒரு பயம் இருக்கிறது. ஆன் பிராங்க் குடும்பம் ஜேர்மனியில் இருந்து ஒல்லாந்துக்கு ஓடிய அகதிக் குடும்பம். 1942 யூலையில் இருந்து 1944 ஓகஸ்ட் வரை ஒரு மறைவிடத்தில் எட்டுப் பேர் அடைபட்டிருந்தார்கள். பூட்டிய அறையில் இருக்கிற கைதிக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டும். "நானும் அவளைப்போல" என்று சொல்லிவிடுவான். அங்கேதான் படிப்பிக்கிறவருக்கு வேலை இருக்கிறது. அவனுக்கு ஒரு வழக்கு நடந்தது, சட்டத்தரணி இருந்தார், வெளியே போக ஒரு திகதி இருக்கிறது. பேர்கன்-பெல்சனில் 15 வயதில் இறந்த அந்தப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

இதைச் சொன்ன பிறகும் கதை முடியவில்லை. நாஸிகள் வதைமுகாம்களில் பச்சை முக்கோணம் குத்தி வைத்திருந்தது யாரை? முன்பு குற்றம் செய்து, தண்டனையையும் முடித்தவர்களை. ஊர்சுற்றிகள், வேலைக்குப் போகாதவர்கள் என்று பிடித்தவர்களுக்குக் கறுப்பு முக்கோணம். யுத்தம் முடிந்தும் இவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. 2020 பெப்ரவரியில்தான் ஜேர்மன் பாராளுமன்றம் இவர்களையும் ஏற்றுக்கொண்டது. எவரும் நியாயமாக வதைமுகாமில் அடைக்கப்படவில்லை என்று தீர்மானித்தது. களவெடுத்தவனை நீதிமன்றம் தண்டிக்கலாம், வதைமுகாமுக்கு அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. இந்தப் பாடத்தைச் சிறைக்குள்தான் முதலில் சொல்லவேண்டும் என்பது எங்கள் எண்ணம். அண்ணை இதற்குத் தலையாட்டவில்லை. ஆனால் திரும்பவும் உள்ளே போய் முக்கோணங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

எங்களில் பலர் விமானத்தில் வந்திறங்கிய பூல்ஸ்பியூட்டலிலும் 1933 இல் ஒரு வதைமுகாம் இருந்தது, அங்கிருந்த சிறைக் கட்டிடங்களுக்குள்ளேயே. அது இன்றும் சிறைதான். அதன் வாயில் கட்டிடத்தில் 1987 இல் இருந்து ஒரு நினைவகம் இருக்கிறது. அடுத்த முறை அங்கே போகிறோம். வர விரும்பும் குடும்பங்கள் சொன்னால் சோற்றைக் கூடக் கட்டலாம்.