மழைக்கு முன் பள்ளித் தோட்டம்

நம் நாட்டில் இலையுதிர் காலம் ஏது? மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் அடைமழைதான். அதற்குள் எங்கள் பள்ளித் தோட்டத்தில் பாத்திகளை உயர்த்தி, வடிகால் வெட்டியாக வேண்டும். நீர் தேங்கினால் வெண்டையின் வேர் அழுகிவிடும். புளித்த மண்ணாதலால் சுண்ணாம்பும் தூவுகிறோம். அதனைக் கோழி எருவோடு சேர்த்து இடலாகாது, தழைச்சத்து ஆவியாகிவிடும்.

தந்தை ஒருவர் வருந்தினார்: "பால்மரக் காட்டில் எங்கப்பா மண்வெட்டி பிடித்தது போதாதா, ஐயா? என் மகனுமா?"

அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், வாளி நீரை ஊற்றிப் பார்த்து வடிகாலின் சரிவைத் திருத்தியவன் அவர் மகனே. அறிவியல் பாடத்தில் வாய் திறவாத மாணவன். அவரை அழைத்துச் சென்று அதனைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் அரையடி ஆழம் வேண்டும், ஐயா," என்றார்.