நாக் சென்சாரும் ஒரு போல்ட்டும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலைப்பாதையில், கல்லாறு தாண்டிச் சாலை நிமிரும் இடத்தில்தான் பெட்ரோல் காரின் குணம் தெரியும். சித்திரை வெயில். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள், ஏசியும் ஓடுகிறது. ஓட்டுபவர் கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். அப்போது பானெட்டுக்குள்ளிருந்து, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் வரும். பட்டறையில் இதற்கு நாக்கிங் என்று பெயர். குன்னூருக்கு மேலே போகப் போக அது தணிந்துவிடும். வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே காற்று குளிர்கிறது, அடர்த்தியும் குறைகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் சத்தம் அடங்குகிறது. இறங்கி வந்து கோயம்புத்தூர் வெயிலில் ஒரு மேம்பாலம் ஏறினால் மறுபடி கேட்கும்.

உள்ளே நடப்பது இதுதான். பிளக் பொறி வைத்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். தீ இன்னும் எட்டாத ஓரத்தில் காத்திருக்கும் கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே சட்டென்று பற்றிக்கொண்டால், எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும். சாதாரணக் கார்களில் அந்த அலை நொடிக்கு ஏறக்குறைய 6,000 முதல் 7,000 தடவை அதிரும். சிலிண்டர் அகலமானால் அதிர்வெண் குறையும். எப்போதோ ஒருமுறை மெல்லக் கேட்டால் கெடுதல் இல்லை. விடாமல் கேட்டால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் உட்காரும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளுக்கு இதைப் பிடிக்கக் காதுதான் கருவி. டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, பொறி விழும் நேரம் மாறும்படி டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி, டாப் கியரில் ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் தலைகாட்டும் இடம் தெரிந்ததும், அதிலிருந்து ஒரு நூல் பின்வாங்கி இறுக்குவார்கள். என்ஜினுக்குள் எங்கே சத்தம் என்று தெரிய வேண்டுமானால், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பிளாக்கில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைப்பார்கள். அந்தக் கைப்பக்குவத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதற்கும் எல்லை இருந்தது. மெக்கானிக் டைமிங் வைத்துக் கொடுத்தது ஒரு நாளின் வெயிலுக்கும் ஒரு பங்கின் பெட்ரோலுக்கும் பொருந்தியது. வண்டியோ தினம் வேறு வெயிலில் ஓடியது.

எரிபொருள் பக்கத்திலிருந்தும் ஒரு தீர்வு வந்தது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டார். என்ஜின்கள் வலுவடைந்தன, புகையோடு ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்தது. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை நிற்க 2000 பிப்ரவரி ஆயிற்று. நாக்கிங்கை அடக்க மனிதர் கொடுத்த விலைகளில் இதைவிடக் கொடியது எனக்குத் தெரிந்து வேறில்லை. அதனால்தான், பிளாக்கில் ஒரே போல்ட்டில் நிற்கும் நாக் சென்சார் என்ற சிறிய வளையத்தைப் பார்க்கும்போது எனக்கு நன்றி தோன்றுகிறது.

சில வகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றும் என்று 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தார்கள். நாக் சென்சார் முழுக்க அந்த இயல்பை நம்பியது. உள்ளே ஒரு பீங்கான் வளையம், அதன்மேல் ஓர் உலோக எடை. பிளாக் அதிரும்போது எடை பீங்கானை நசுக்கும், ஒரு சிறு மின்னழுத்தம் வயரில் ஓடும். 1970-களின் இறுதியில் டர்போ வைத்த ப்யூக் கார்களில் இது வேலைக்கு வந்தது. என்ஜினை நடத்தும் கணினியான இன்றைய இசியு அந்தச் சைகையை எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பிஸ்டன் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் குறுகிய இடைவெளியில் மட்டும் கேட்கும். வால்வு மூடும் சத்தத்தை நாக்கிங் என்று எண்ணிவிடாமல் இருக்கவும், எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று தெரியவும் இதுவே வழி. தட்டிய சிலிண்டருக்குப் பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தி, சத்தம் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். பழைய மெக்கானிக் ஒரு நாள் செய்ததை இது ஓட்டம் முழுக்கச் செய்கிறது.

இந்தச் சென்சார் கெட்டால் வண்டி நிற்காது. அதுதான் சிக்கல். செக் என்ஜின் லைட் எரியும். கேட்க ஆளில்லை என்று தெரிந்த இசியு, பாதுகாப்புக்காகப் பொறியை நிரந்தரமாகத் தாமதப்படுத்தி வைக்கும். பிக்கப் மந்தமாகும், மைலேஜ் இறங்கும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று பலர் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

ஸ்கேனரை மாட்டினால் பி0325, பி0327 போன்ற கோடு வரும். உடனே "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். அந்தக் கோடு உண்மையில் சொல்வது, அந்தச் சுற்றிலிருந்து சரியான சைகை வரவில்லை என்பதை மட்டுமே. வயரை எலி கடித்திருக்கலாம். கப்ளரில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கலாம். தெரிந்தவர் ஒருவரின் காரில் இரண்டு முறை புதுச் சென்சார் போட்டும் லைட் திரும்பத் திரும்ப எரிந்தது. மூன்றாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் அதைக் கழற்றியதும் அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் இருந்தது. பிளாக்கின் முகத்திலும் துரு. "வாஷர் போட்டா அது எப்படிக் கேக்கும் தம்பி?" என்று பக்கத்தில் நின்ற பையனிடம் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, அதே சென்சாரை டார்க் ரெஞ்சால் இறுக்கினார். லைட் அதன்பின் எரியவில்லை.

இந்தப் போல்ட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். மற்ற இடங்களில் போல்ட் ஒரு பொருளைப் பிடித்து வைக்கிறது. இங்கே அதன் இறுக்கம் அளவீட்டின் ஒரு பகுதி. தளர்ந்தால் அதிர்வு முழுதாக வந்து சேராது. கைப்பலத்தில் முறுக்கினால் பீங்கான் விரியும், அல்லது சைகை திரியும். நடுவில் போல்ட் போகும் வகைச் சென்சார்களுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர் என்ற அளவு. உங்கள் வண்டிக்குரிய எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சென்சாரும் பிளாக்கும் உலோகத்தோடு உலோகமாக உட்கார வேண்டும். இடையில் வாஷர், கிரீஸ், பெயிண்ட் எதுவும் கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள். சில வி6 என்ஜின்களில் இது இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வேறு வேலைக்காக மேனிஃபோல்டைக் கழற்றும் நாளில் இதன் வயரையும் கப்ளரையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வேறு விதமான தவறும் நடக்கிறது. என்ஜின் உண்மையிலேயே தட்டும், சென்சார் உண்மையைச் சொல்லும், பழி சென்சார் மேல் விழும். அப்போது பார்க்க வேண்டியவை வேறு: பிஸ்டன் தலையில் படிந்த கரி, குறைந்துபோன கூலன்ட், தவறான வெப்ப எண்ணுள்ள பிளக், காற்றுக் கசிவு. தளர்ந்த பிராக்கெட்டோ பிளாக்கில் உரசும் அடித்தகடோ எழுப்பும் சத்தத்தையும் சில வேளை சென்சார் நாக்கிங் என்று எடுத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் ஆக்டேன் எண் 95. அதற்கு முன் சாதாரணப் பெட்ரோலில் கிடைத்தது 91. நாக்கிங் மட்டில் இது நல்ல செய்தி. தட்டாத வண்டிக்கு அதற்கும் மேலான விலையுயர்ந்த பெட்ரோல் வாங்குவது, மேனுவல் கேட்டாலன்றி, வீண் செலவு என்பதே என் கருத்து.

சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குறைந்த வேகச் சுழற்சியில் உயர் கியரில் அழுத்தி மிதித்தால், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. பொறியைத் தாமதப்படுத்தி இதைத் தடுக்க முடியாது. சென்சார் கேட்கும்போதே சேதம் நடந்திருக்கும். மேனுவல் சொல்லும் தரத்தில், ஏபிஐ எஸ்பி போன்ற ஆயிலை ஊற்றுங்கள், ஏற்றத்தில் கியரைக் குறையுங்கள்.

அடுத்த முறை பட்டறையில் நாக் சென்சாரை மாற்றச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "வயரையும் கப்ளரையும் பாத்தீங்களா அண்ணே? டார்க் ரெஞ்ச் இருக்கா?" இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மட்டும் சென்சாரில் கை வைக்கச் சொல்லுங்கள்.