ஒழுகலுக்குச் சொந்த ஊர் எது?

ஐப்பசி பிறந்துவிட்டால் மேல்மாடிக்காரனுக்குத் தூக்கம் மல்லாந்துதான். கண் தானாகக் கூரைக்குப் போகும். எங்கள் கூடத்தில் மின்விசிறிக் கொக்கியை ஒட்டி ஒரு பழுப்புக் கறை. அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைப்பேன். அடுத்த மழைக்குக் கறை கோட்டைத் தாண்டினால் இன்னொரு கோடு, இன்னொரு தேதி. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு என் மனைவியிடம் கண்ணால் ஏதோ கேட்பார்கள். அவளும் கண்ணாலேயே பதில் சொல்லிவிடுவாள்.

கோட்டுக்கு நியாயம் இருக்கிறது. மழையில் மட்டும் கறை பரவினால் தளத்தில் கோளாறு. வெயில் காய்கிற நாளிலும் பரவினால் மேலே இருக்கிற தொட்டியையும் குழாயையும் சந்தேகப்பட வேண்டும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு குறி வைத்துவிட்டு விடிந்ததும் போய்ப் பாருங்கள். ஒருநாள் வால்வை மூடி வைத்தும் மறுநாள் திறந்து வைத்தும் பார்த்தால் குற்றவாளி தொட்டியா குழாயா என்பது தெரிந்துவிடும். இதற்கு யாரும் பில் போட முடியாது. அதனால்தானோ என்னவோ யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் தொட்டியும் குழாயும் நிரபராதிகள் என்று ஆனதும் ஆள் பிடிக்கக் கிளம்பினேன். முதலில் வந்த பிளம்பர் தட்டிப் பார்த்துவிட்டு, "லைன்ல ஒண்ணும் இல்ல சார், கொத்தனார் வேலை" என்றார். வந்த கொத்தனார் தளத்தைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கைப்பிடிச் சுவர்ல பூச்சு விட்டிருக்கு, நாலு பக்கமும் கொத்திப் பூசிடணும்" என்றார். மூன்றாவதாக ஒரு நிறுவனத்திலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பையன். அவன் கையில் இருந்த கருவியைச் சுவரில் வைத்தால் அது கீச்சிட்டது. காய்ந்த சுவரிலும் கொஞ்சம் கீச்சிட்டது. மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு, சதுர அடிக்கு இவ்வளவு, பத்து வருஷம் கேரண்டி. ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "எங்கிருந்து வந்தாலும் நின்னுடும் சார்" என்றான். வைத்தியர் இப்படிப் பேசினால் எழுந்து வந்துவிடுவோம் அல்லவா?

அந்தப் பையன் வந்தது 'இலவச ஆய்வு' என்ற பெயரில். இந்த இலவசத்தின் மேல்தான் எனக்குக் கோபம். வேலை தெரிந்தவன் ஒருவன் வெயிலில் ஏறி, முட்டி போட்டு, அரைநாள் மூளையைச் செலவழித்து நோயைக் கண்டுபிடிப்பதற்கு நாம் காசு தரமாட்டோம். சிமென்ட் மூட்டைக்குத் தருவோம், சதுர அடிக்குத் தருவோம். பிறகு அவன் சதுர அடியைக் கூட்டாமல் என்ன செய்வான்? 'உங்கள் தளத்தில் கோளாறே இல்லை' என்று உண்மையைச் சொல்கிற ஆய்வாளன் அன்றைக்குப் பட்டினி. ஊரெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று புலம்புகிற நாம், உண்மைக்குக் கூலி வைக்க மறந்துவிட்டோம்.

நான்காவதாக வந்தவர் வயதான கொத்தனார். மாடிக்கு ஏறவில்லை. கறையைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார். என்னைச் சிரிக்காமல் பார்த்த முதல் ஆள் அவர்தான். "சொட்டறது எப்ப? மழை கொட்டும்போதா, விட்ட பிறகா?" என்று கேட்டார். விட்டு ஒரு பொழுது கழித்து என்றேன். "அப்ப தண்ணி எங்கேயோ இருந்து நடந்து வருது. சொட்டற எடம் அதுக்குச் சொந்த ஊரு இல்ல" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "பாக்கறதுக்கு ஒரு நாள் கூலி வேணும். வேலை இருந்தா அது தனி" என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் மாடியில் மழைநீர்க் குழாய் வாய்களைச் சாக்குத் துணியால் அடைத்தார். கலவையால் குட்டிக் குட்டி வரப்புகள் கட்டி மாடியைப் பாத்திகளாகப் பிரித்தார். ஒரு பாத்தியில் தண்ணீர் நிறுத்தி, கீழே கறையைக் கவனித்து, அது சும்மா இருந்தால் அடுத்த பாத்தி. இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ பாரம். கான்கிரீட் தளம் தாங்கும். மரவிட்டம் போட்ட பழைய மாடியில் யோசிக்காமல் இதைச் செய்துவிடாதீர்கள். கடைசியில் கறை கசிந்தது மேற்கு மூலைப் பாத்தியில், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடுக்கில் தண்ணீர் நின்றபோது. கொக்கிக்கும் அந்த மூலைக்கும் நடுவில் ஒரு முழு அறை இருக்கிறது. தளம் போடும்போதே மின்கம்பிக்காக உள்ளே பதித்த குழாய் வழியாகத் தண்ணீர் சாவகாசமாக நடந்து வந்து மின்விசிறியில் இறங்கியிருக்கிறது. கூரையில் கறை கண்டால் முதல் வேலையாக அந்த மின்விசிறியின் சுவிட்சை அணைப்பது நல்லது.

பார்ப்பதற்குக் கூலி கொடுத்தேன் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சொன்னபோது, "உங்களை நல்லா ஏமாத்திட்டான்" என்றார்கள். வேலைக்காரன் மேல் வீட்டுக்காரனுக்கு உள்ள சந்தேகத்துக்கு ஏறக்குறைய ஈராயிரம் வயது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தமிழில் தந்த கௌடலீயத்தை, அதாவது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை, மழைநாளில் எடுத்துப் புரட்டுவது என் வழக்கம். நாட்டுக்கு முள்ளாக இருப்பவற்றைக் களைவது பற்றிய நாலாம் அதிகரணம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? கைத்தொழிலாளரிடமிருந்து மக்களைக் காப்பதில். அவர்களுக்கு அடுத்து வணிகர். அதற்கும் பிறகுதான் தீ, வெள்ளம், நோய், பஞ்சம், எலி, புலி, பாம்பு, பேய். நெய்பவரும் தட்டாரும் வண்ணாரும் முதலில், பேய் கடைசியில். கௌடில்யர் வீட்டில் ஏதோ பெரிதாக ஒழுகியிருக்க வேண்டும்.

சொன்ன காலத்தில் முடிக்காவிட்டால் கூலியில் கால் பங்கு போகும். அதைப்போல் இரு மடங்கு தண்டம் வேறு. சொன்னதை விட்டு வேறொன்றைச் செய்தால் கூலி முழுவதும் போகும். வண்ணார் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. துணியைப் பலகையிலோ வழுவழுப்பான கல்லிலோதான் துவைக்க வேண்டும். சாயத்துக்குச் சாயம் தவணை உண்டு. நீலத்துக்கு ஆறு இரவு. கொடுத்த துணியை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ அடகு வைத்தாலோ பன்னிரண்டு பணம் தண்டம். அதோடு விடவில்லை. வண்ணார் தாம் உடுத்தும் துணியில் தடி போன்ற ஒரு முத்திரை இருக்க வேண்டும், முத்திரையில்லாத துணியை உடுத்தினால் மூன்று பணம். இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காட்சி தோன்றும். பாடலிபுத்திரத்துக் கடைத்தெருவில் மந்திரி நடந்து போகிறார். எதிரே அவருடைய சால்வை வேறொரு தோளில் வருகிறது. அன்று ராத்திரியே அவர் எழுதியிருப்பார்.

அந்த அத்தியாயத்தில் கொத்தனார் மேல் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் வைத்தியர் இருக்கிறார். நோயின் அபாயத்தை முன்கூட்டித் தெரிவிக்காமல் சிகிச்சை செய்து நோயாளி இறந்தால் வைத்தியருக்குத் தண்டம். முதலில் வாயைத் திற, அப்புறம் கையை வை என்கிறார் கௌடில்யர். நம் ஊர்க் கூரை வைத்தியர்களுக்கும் இதை நீட்டலாம்.

மேற்கு மூலையில் நாலு தட்டோடுகளைப் பெயர்த்த கொத்தனார், கீழே இருந்த செங்கல் ஜல்லி சுண்ணாம்பைக் கையில் எடுத்தார். விரலால் நசுக்கினார், உதிர்ந்தது. "இது அடிச்ச தளம் இல்ல சார். கொட்டின தளம்" என்றார்.

அடித்த தளத்தை நான் பார்த்திருக்கிறேன். கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டு மாடிக்குத் தளம் போட்டபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். கொல்லையில் சுண்ணாம்பை நீற்றிய குழி. அதன் பக்கம் போகக்கூடாது என்று பெரியம்மா பயமுறுத்தி வைத்திருந்தாள். கிணற்றடியில் ஒரு பீப்பாய், அதில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு நாளில் புளித்த வாடை வரும். வெல்லம் என்ற நம்பிக்கையில் விரல் விட்டு நக்கினேன். சாயங்காலம் வரை நாக்கு ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மாடியில் பரப்பியதும் சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். ஒருத்தி கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போவாள். அடி, நகர், அடி. ஒரு பாட்டு ஓடும். பாட்டு நின்றால் கையும் நிற்கும் என்று மேஸ்திரிக்குத் தெரியும், அதனால் பாட்டைத் திட்டமாட்டார். அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. ஆள் பார்க்கிறேன் பேர்வழி என்று குடையோடும் கைக்கடிகாரத்தோடும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி தூங்குகிறார் என்று அவர் குமுறிக்கொண்டிருந்த நேரத்தில், மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே, "தெக்கு ஓரத்துல ரெண்டு பேரு சும்மா தட்டறீங்க" என்றார். முதல்நாள் கட்டை விழுந்தால் சேற்றில் விழுகிற மொத்தைச் சத்தம். நாளாக ஆகச் சத்தம் கெட்டிப்படும். கடைசியில் கட்டை தளத்தில் பட்டுத் தானே எழும்பும், கணீரென்று கேட்கும். அவர் காதுக்குத்தான் கூலி என்பதைப் பெரியப்பா ஒப்புக்கொள்ளவே இல்லை. குடையை மட்டும் மடக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

இதெல்லாம் பாட்டி வைத்தியம் என்று நினைத்திருந்தேன். பிறகு இந்தியத் தர நிர்ணய ஏடு ஒன்று, ஐ.எஸ். 3036, கைக்குக் கிடைத்தது. சுண்ணாம்புக் கான்கிரீட்டால் ஒழுகாத மாடி போடுவது எப்படி என்று சொல்கிற அரசாங்கத் தாள். வறண்ட நடைதான். அதில் திடீரென்று வெல்லமும் வில்வம்பழமும் வருகின்றன, வேகவைத்துத் தெளிக்கச் சொல்லி. வடக்கே வில்வம், நமக்குக் கடுக்காய். ஏழு நாளாவது அடிக்க வேண்டும், கட்டை தானே எழும்பும் வரை அடிக்க வேண்டும் என்று மேஸ்திரியின் காதை அப்படியே சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். அப்புறம் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து மெதுவாகத் திரும்பவும் கல்லாகும். மயிரிழைக் கீறல் விழுந்தாலும் மழைநீரில் கொஞ்சம் கரைந்து தானே மூடிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சிமென்ட் அவசரக்காரன், சீக்கிரம் இறுகும், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி வெடிக்கும். ஏழு நாள் வரிசையாக உட்கார்ந்து அடிக்க இன்று யார் இருக்கிறார்கள்? இருந்தால் அந்தக் கூலியை எந்த வீட்டுக்காரர் தருவார்? ஆகவே கொட்டின தளம்.

என் கொத்தனார் பழம்பெருமை பேசவில்லை. சுவரோரம் நீளக் காடி வெட்டி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, மூலையை உருட்டிப் பூசினார். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்துத் தட்டோடுகளைத் திரும்பப் பதித்தார். மழைநீர்க் குழாயின் வாயைப் பெரிதாக்கினார். மாடி முழுவதும் வெள்ளைப் பூச்சு தேவைப்படவில்லை.

வேலைக்கு முன்னால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மணல் யார் வாங்குவது, எத்தனை ஆள், என்றைக்கு முடிவது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரப்பீஸை மாடியிலிருந்து யார் இறக்குவது. வீட்டு வேலையில் வருகிற சண்டையில் பாதி இந்த ரப்பீஸ் மூட்டையில்தான் முளைக்கிறது. மூன்றில் ஒரு பங்கு முன்பணம், கடைசிப் பங்கு ஒரு நல்ல மழை பார்த்த பிறகு. பத்து வருஷ கேரண்டிக் காகிதத்தைவிட எனக்கு இந்த ஒரு மழை மேல்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் காசு வாங்கிச் செய்கிற சேவையும் அடக்கம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். காகிதம் வேண்டும், ரசீது வேண்டும். காலண்டர் தாளும் காகிதம்தான்.

எல்லாம் முடிந்து கருவிகளைக் கழுவும்போது கைப்பிடிச் சுவரின் வெளிப்புறம் ஒரு அரசங்கன்று முளைத்திருப்பதைக் காட்டினேன். காகம் போட்ட விதை. நுனியைக் கிள்ளினால் மறுபடி தழைக்கும், வேர் சுவரைப் பிளக்கும். "இதையும் எடுத்துடுங்களேன்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அரசு சார். நான் பிடுங்கறதில்ல" என்றார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். "காசுக்கு இல்ல சார்." ஒப்பந்தத்தாளில் ரப்பீஸை எழுதிய நான் பாவத்தை எழுதவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உளியால் சுற்றிலும் பொறுமையாகக் கொத்தி, வேர் அறாமல் கன்றை எடுத்து, ஒரு பால் பாக்கெட்டில் மண் போட்டு என் கையில் கொடுத்தார். கோயிலில் வைக்கச் சொன்னார்.

கோயிலில் குருக்கள் பாக்கெட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "ஆளாளுக்குக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போறேள். இங்க கோபுரத்துலயே ரெண்டு முளைச்சு நிக்கறது" என்றார். அண்ணாந்து பார்த்தேன். யாளிக்குப் பக்கத்தில் தளதளவென்று நின்றன. "அதை வேரோட எடுக்கறதுக்கு ஆள் தேடிண்டிருக்கேன். யார் வந்தாலும் கோபுரத்துக்கே பெயின்ட் அடிக்கணும்கறான். இதை எடுத்தது யாரு?"

கொத்தனாரின் நம்பரைக் கொடுத்தேன். பார்ப்பதற்குத் தனிக் கூலி கேட்பார் என்பதையும் சொல்லிவைத்தேன்.