இடியா, குண்டா

போரைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்த கவிதைகளைச் சமீபத்தில் ஒருசேர வாசித்தேன். எல்லாவற்றிலும் குண்டு விழுகிறது. எங்கிருந்தோ வந்து விழுகிறது. அதைத் தூக்கிக் குழலுக்குள் வைத்தவன் ஒருவன் இருந்திருப்பான் என்ற பிரக்ஞை ஒன்றிலும் இல்லை. நான் அப்படி வைத்தவன். யுத்தத்தில் அல்ல, பயிற்சியில். இதைப் பேச எனக்கு யோக்யதை உண்டா என்று பல வருஷங்கள் தயங்கியதும் அதனால்தான்.

அப்பா மணமேல்குடிக்காரர். ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி சிங்கப்பூர் போனவர். நான் அங்கே பிறந்தேன். 1967-இல் வந்த சட்டப்படி பதினெட்டு வயதில் ராணுவம். அது முடிந்தபின் நாற்பது வயதுவரை ரிசர்வ். வருஷத்தில் 40 நாள் வரை கூப்பிடலாம். 1994-இல் ரிசர்விஸ்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு நீளமான வேறொன்றை வைத்தார்கள். எங்கள் பீரங்கியில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் பீரங்கி என்றால்: ஒரு டாக்ஸி டிரைவர், ஒரு இறைச்சிக் கடைக்காரர், வங்கி குமாஸ்தா ஒருவர், துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் நான், இன்னும் சிலர். முதல் நாள் யாருக்கும் வயிற்றில் பொத்தான் பூட்டாது. அணிவகுப்புக் கட்டளை மலாயில், பீரங்கிக் கட்டளை ஆங்கிலத்தில், வசவு ஹொக்கியனில். தமிழ் என் தலைக்குள் மட்டும் இருந்தது, குண்டுகளை எண்ணுவதற்கு.

தீவின் நீளமே 50 கிலோமீட்டர்தான். 155 மில்லிமீட்டர் பீரங்கி 19 கிலோமீட்டருக்கு எறியும். தனிவகைக் குண்டு என்றால் 30. முழு வீச்சில் சுட உள்ளூரில் இடமில்லை. ஆகவே அந்த வருஷம் தைவானுக்குப் போனோம். சிங்கப்பூர்ப் படைகள் 1975-இலிருந்தே அங்கு போய்வருகின்றன.

விளக்கில்லாமல் ராத்திரியில் இடம் பிடிக்க வேண்டும். பீரங்கியின் கால்கள் பின்வாங்காதபடி மண்ணில் குழி வெட்டி, வலை மூடி முடிக்கும்போது விடிந்துவிடும். காற்று ஓயவே ஓயாது. பள்ளிக்கூடத்தில் வட்டத்துக்கு 360 பாகை என்று படித்தோம். பீரங்கிக்காரனுக்கு அது 6400 மில். ஒரு மில் பிசகினால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் விலகிப் போகும். குண்டு 43 கிலோ. இலக்கைப் பார்க்கிறவன் பல கிலோமீட்டர் முன்னால் ஏதோ மேட்டில் இருக்கிறான். நாங்கள் பார்ப்பது எண்களை மட்டும். சுட்டதும் ரேடியோவில் "ஷாட்" என்பார்கள். குண்டு தரையைத் தொட ஐந்து விநாடி இருக்கையில் "ஸ்பிளாஷ்". முன்னால் இருப்பவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதற்காக அது. நாங்கள் அந்த ஐந்து விநாடியில் அடுத்த குண்டைத் தூக்கியிருப்போம். மிஞ்சிய மருந்துப் பைகளைக் கடைசி நாள் வரிசையாகப் பரப்பிக் கொளுத்தினோம். கார்த்திகை சொக்கப்பனை மாதிரி எரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன்.

மறு வருஷம், 1995, தீபாவளிக்கு மணமேல்குடி வந்து, ஐப்பசி முடியும்வரை தங்கினேன். யாழ்ப்பாணத்தின்மீது படை நகர்ந்துகொண்டிருந்த மாதம். அக்டோபர் 30 ராத்திரி அந்த ஊரே வெளியேறிச் சென்றது. பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் 1990-இல் படகில் வந்த யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் குடியிருந்தார். ராத்திரிகளில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார், பேசமாட்டார்.

ஒரு ராத்திரி தென்கிழக்கே கடல்மேல் உறுமல் கேட்டது.

"ஏம்ப்பா, நீ பீரங்கி வெடிக்கிறவன்தானே. இது இடியா, குண்டா?" என்றாள் பெரியம்மா.

நான் கணக்குப் போட்டேன். யாழ்ப்பாணம் 90 கிலோமீட்டருக்கு மேல். சப்தம் வந்து சேர நாலு நிமிஷத்துக்கு மேலாகும். காற்றோ வாடை, குறுக்கே அடிக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்ஸில் சுட்ட பீரங்கிகள் இங்கிலாந்தின் தென்கரையில் கேட்டதையும், நடுவே சில இடங்களில் கேட்காமலே போனதையும் படித்திருக்கிறேன். ஆகவே சாத்தியமில்லை என்றும் சொல்ல முடியாது. எண்ணத் தொடங்கினேன். ஐந்து விநாடி. மறுபடி ஐந்து. நாங்கள் வரிசையாகச் சுடும்போது விடும் இடைவெளி. பிறகு பன்னிரண்டு. பிறகு ஒன்றுமில்லை.

பீரங்கியின் வாயருகே அந்தச் சப்தம் எப்படி என்பதை என் விலா எலும்பு அறியும். மறுமுனையில் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. அந்தத் திண்ணையில் அது தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் நான் கேட்கவில்லை.

"இடிதான் பெரியம்மா" என்றேன்.

அந்த அம்மாள் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "தலைக்கு மேலால கூவிக்கொண்டு போறது கேட்டால் பயமில்லைத் தம்பி. அது எங்களுக்கில்லை. எங்களுக்கு வாறது கேளாது." சற்றுப் பொறுத்து, "இடி எண்டால் மழை வரும்தானே" என்றார். பெரியம்மா உள்ளே போனபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பையன்கள் மிச்சம் வைத்திருந்த அணுகுண்டு வெடி ஒன்றைக் கொளுத்தினார்கள். அவருக்குத் தோள் அசையவில்லை, எனக்கு அசைந்தது.

விடியற்காலையில் மழை பெய்தது. அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை. ஐப்பசியில் மணமேல்குடியில் மழை பெய்யத்தான் செய்யும்.

அடுத்த வருஷமும் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. போனேன். அதே டாக்ஸி டிரைவர், அதே இறைச்சிக் கடைக்காரர். ரேடியோவில் "ஸ்பிளாஷ்" என்றதும் அடுத்த குண்டைத் தூக்காமல் நின்றுவிட்டேன் என்று வங்கி குமாஸ்தா ஹொக்கியனில் திட்டினார்.